காலி நிலம் என்ற கற்பனை: தென் ஆஸ்திரேலியத் தொல்குடிகளின் அணுக்கழிவு எதிர்ப்பும் மறுக்கும் உரிமையும்

தென் ஆஸ்திரேலியாவின் கோதுமை வட்டாரத்துச் சிற்றூர் கிம்பா. அதனருகே உள்ள நபண்டி என்ற பண்ணை நிலத்தில் நாட்டின் கதிரியக்கக் கழிவுக் கிடங்கை அமைக்கலாமா என்று 2019-இல் ஊர்மக்களிடம் வாக்குக் கேட்கப்பட்டது. வாக்களித்தவர்களில் 61.6 விழுக்காட்டினர் அமைக்கலாம் என்றனர். அவ்வட்டாரத்தின் மரபுவழி உரிமையாளர் என்று நீதிமன்றமே ஏற்றிருந்த பார்ங்கர்லா மக்களில் பெரும்பாலோருக்கு அந்த வாக்கெடுப்பில் இடமில்லை. அவர்கள் அந்த ஊராட்சி எல்லைக்குள் குடியிருக்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். எனவே அவர்கள் தமக்கென்று ஒரு வாக்கெடுப்பை நடத்திக்கொண்டார்கள். எதிர்த்து விழுந்தவை 83 வாக்குகள். ஆதரித்து ஒன்றுகூட விழவில்லை.

ஒரே நிலத்தைப் பற்றிய இரண்டு கணக்குகள் இவை. அரசு முதற்கணக்கை எடுத்துக்கொண்டது. யார் எண்ணப்படுகிறார்கள் என்ற இந்தக் கேள்வியே தென் ஆஸ்திரேலியாவின் அணுக்கால வரலாறு முழுவதையும் ஊடறுத்துச் செல்கிறது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. 1950-களின் அணுகுண்டுச் சோதனைகளும் 1998-க்குப் பிந்தைய கழிவுக் கிடங்குத் திட்டங்களும் தனித்தனி அத்தியாயங்களாகவே பெரும்பாலும் எழுதப்படுகின்றன. தொல்குடிகள் அவற்றை ஒரே கதையாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னதே அவர்களது போராட்டத்தின் வலிமை. ஆனால் அவர்கள் பெற்ற வெற்றிகள் அனைத்தும் நடைமுறைப் பிழைகளின் வழியாகவே கிடைத்தன. ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் திட்டம் வேறொரு மக்களின் வாசலுக்கு நகர்ந்ததற்கு அதுவே காரணம்.

எண்ணப்படாதவர்கள்

1952 முதல் 1957 வரை பிரிட்டன் ஆஸ்திரேலியாவில் 12 அணுகுண்டுகளை வெடித்தது. மூன்று மேற்குக் கடலோரத்து மாண்டி பெல்லோ தீவுகளில். இரண்டு தென் ஆஸ்திரேலியப் பாலைவெளியில் எமு ஃபீல்டில். ஏழு அதற்குத் தெற்கே மரலிங்காவில். மரலிங்கா என்ற பெயரே அந்த மண்ணுக்குரியதன்று. நாட்டின் வடகோடியில் வழங்கிய ஒரு மொழியில் 'இடி' என்று பொருள்படும் சொல்லை எடுத்துவந்து சூட்டினார்கள். வேற்றுமொழிப் பெயரை ஒட்டவைக்க முதலில் அந்த இடத்துக்குப் பெயரில்லை என்று நம்ப வேண்டும். குண்டு வெடிக்க அங்கே ஆளில்லை என்று நம்ப வேண்டும்.

ஆட்கள் இருந்தார்கள். பத்து லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த வெளியில் அவர்களைத் தேடி எச்சரித்து அப்புறப்படுத்தும் வேலைக்குத் தொடக்கத்தில் இருந்தவர் வால்டர் மக்டூகல் என்ற ஒரே ஒரு சுற்றுக்காவல் அலுவலர். அவர் தொல்குடிகளின் நலனை வற்புறுத்தியபோது, ஒரு கைப்பிடி மக்களைக் காமன்வெல்த் நாடுகளின் நலனுக்கு மேலாக வைக்கிறார் என்று தலைமை அறிவியலாளர் ஆலன் பியூட்மென்ட் குறைகூறி எழுதினார். எச்சரிக்கைப் பலகைகள் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றை வாசிக்க வேண்டியவர்களில் பலருக்கு எழுத்தே பழக்கமில்லை.

இதன் விளைவை ஒரு காலைப் பொழுது காட்டிவிடுகிறது. 1957 மே மாதம், மார்க்கூ என்று பெயரிட்ட குண்டு முந்தைய அக்டோபரில் தோண்டிய பள்ளத்தில் ஒரு குடும்பம் தங்கியிருப்பதைப் படையினர் கண்டார்கள். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், வேட்டை நாய்கள். தம் முன்னோர் நடந்த தடத்தில் தண்ணீரை நாடி நடந்துவந்தவர்கள் அவர்கள். கதிரியக்க அளவி கொண்டு சோதித்து, குளிக்கவைத்து, வண்டியில் ஏற்றித் தெற்கே யலாட்டாவுக்கு அனுப்பினார்கள். நாய்களைச் சுட்டுக் கொன்றார்கள். இதைப் பார்த்த படையினரை வாய்திறக்கக் கூடாது என்று எச்சரித்தார்கள். காலி என்று வரைபடம் சொன்ன இடத்தில் அடுப்பு மூட்டி ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. பிழை வரைபடத்தினுடையது என்று அப்போது யாரும் எழுதிவைக்கவில்லை.

புகையின் சாட்சியம்

1953 அக்டோபர் 15 காலையில் எமு ஃபீல்டில் வெடித்த டோட்டம் ஒன்று என்ற குண்டின் புகை வடகிழக்கே நகர்ந்தது. 170 கிலோமீட்டருக்கு அப்பால் வாலட்டினா என்ற இடத்தில் இருந்த யன்குன்ஜஜாரா மக்கள், எண்ணெய்ப் பிசுக்கான கரும்புகை தரையோடு தரையாக உருண்டுவந்து தம்மை மூடியதைச் சொன்னார்கள். கண்ணெரிச்சல், வாந்தி, தோலில் புண். அப்போது சிறுவனாக இருந்த யாமி லெஸ்டர் பின்னாளில் பார்வையை முற்றும் இழந்தார். 1980-இல் இச்செய்தி வெளிவந்தபோது, சோதனைகளின் பாதுகாப்புக் குழுவில் இருந்த இயற்பியலாளர் எர்னெஸ்ட் டிட்டர்ட்டன் அப்படியொரு புகை இருந்திருக்கவே முடியாது என்று மறுத்தார்.

லெஸ்டர் விடவில்லை. அவரும் பிற தொல்குடியினரும் சோதனைகளில் பணியாற்றிய முன்னாள் படையினரும் கொடுத்த அழுத்தத்தால் 1984-இல் ஜேம்ஸ் மக்லெல்லண்ட் தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. 1985-இல் வந்த அதன் அறிக்கை, டோட்டம் ஒன்று ஏற்கத்தகாத காற்று நிலையில் வெடிக்கப்பட்டது என்றது. கரும்புகை வந்தது உண்மை, அது சிலரைத் தற்காலிகமாகவேனும் நோயுறச் செய்திருக்கக்கூடும் என்றது. பிற நோய்களுக்கும் ஊறுகளுக்கும் அதுதான் காரணமா என்று முடிவுகூறப் போதிய சான்று இல்லை என்றும் சொன்னது. இந்த மூன்றாவது வாக்கியம் கவனத்துக்குரியது. அந்நாளில் அம்மக்களிடையே யாரும் கதிரியக்கத்தை அளக்கவில்லை. மருத்துவப் பதிவும் இல்லை. சான்று சேர்க்காமல் விட்டது அரசு. சான்று இல்லாததன் பயனும் அரசுக்கே போய்ச் சேர்ந்தது.

ஆயினும் ஒன்று மாறியது. எழுத்தறியாதவர்களின் நினைவு, நிபுணரின் மறுப்பை விஞ்சி அரசு ஆவணத்தில் ஏறியது. அடுத்த தலைமுறைப் போராட்டத்துக்கு அது முதலாக அமைந்தது.

மண்ணின் நிலையும் நினைவையே மெய்ப்பித்தது. 1960 முதல் 1963 வரை மரலிங்காவின் டரனாக்கி என்ற களத்தில் நடந்த விக்ஸன் பி சோதனைகள் அணுவெடிப்பு அல்லாதவை. ஆனால் ஏறத்தாழ 22 கிலோ புளூட்டோனியத்தைக் காற்றில் சிதறவிட்டவை. புளூட்டோனியம்-239 பாதியாகக் குறைய 24,100 ஆண்டுகள் ஆகும். 1967-இல் பிரிட்டிஷார் மேல்மண்ணை உழுது புரட்டிவிட்டுச் சுத்தம் செய்துவிட்டதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். 1980-களின் நடுவில் ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் அளந்தபோது மாசு அந்த அறிக்கைகள் சொன்னதைவிட மிக அதிகம் என்று தெரிந்தது. இரண்டாவது துப்புரவு 2000-இல் முடிந்தது. செலவு சுமார் 10.8 கோடி ஆஸ்திரேலிய டாலர். அதுவும் போதாது என்று, அத்திட்டத்திலிருந்து விலக்கப்பட்ட பொறியாளர் ஆலன் பார்கின்சன் நூலெழுதி வாதிட்டார். 'பாதுகாப்பானது' என்ற சொல்லை மக்கள் நம்ப மறுத்ததற்கு அறியாமையைக் காரணம் காட்ட இயலாது. அது அனுபவத்தில் விளைந்த பாடம்.

'நஞ்சை விட்டுவிடு'

1998-இல் கூட்டாட்சி அரசு வூமரா வட்டாரத்தில் தேசியக் கழிவுக் கிடங்கு அமைக்கும் திட்டத்தை அறிவித்தது. கூப்பர் பீடியில் வாழ்ந்த மூதாட்டிகளின் அவையான 'கூபா பீட்டி குங்க ஜூட்டா' எதிர்த்து எழுந்தது. அவர்களில் பலர் சோதனைக் காலத்தை நேரில் கண்டவர்கள். இயக்கத்துக்கு அவர்கள் சூட்டிய பெயர் 'இரட்டி வன்ட்டி'. நஞ்சு, அதை விட்டுவிடு என்பது பொருள்.

அவர்களது முறை எளியது. பாட்டிகள் பேசுவார்கள், இளையவர்கள் எழுதுவார்கள். அந்தப் பேச்சு ஆங்கிலம் இலக்கணம் திருத்தப்படாமலே அமைச்சர்களுக்குக் கடிதமாகப் போனது. திருத்தினால் அது மனு, திருத்தாவிட்டால் சாட்சியம். நகரங்களுக்குப் பயணம் போய்க் கூட்டங்களில் பேசினார்கள். இன்மா என்ற தம் சடங்குப் பாடலையும் ஆடலையும் அரங்கேற்றி, இந்த நிலத்தின் கதை எமக்குத் தெரியும், அதைச் சொல்லும் உரிமையும் எமக்கு உண்டு என்று காட்டினார்கள். அந்நிலத்தின் வழியே ஏழு சகோதரிகளின் கதைத்தடம் செல்கிறது. நாம் கார்த்திகை என்று அண்ணாந்து பார்க்கும் அதே விண்மீன் கூட்டம். அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன இன்னொன்று நிலத்தடி நீர். மேலே வறண்டு கிடப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அடியில் நீர் இருக்கிறது, நஞ்சு அதில் இறங்கும் என்றார்கள்.

இங்கே ஓர் அறிவுமுறை மோதல் நிகழ்ந்ததைக் காணலாம். அரசின் இடத்தேர்வு மழை குறைவு, மக்கள் குறைவு, நிலநடுக்கம் குறைவு என்று இல்லாமைகளைக் கூட்டி மதிப்பெண் போட்டது. மூதாட்டிகள் நீர், கதை, உறவு, நினைவு என்று இருப்பவற்றை அடுக்கினார்கள். இயக்கத்தின் முன்னணியில் நின்ற ஐலீன் கம்பகூட்டா பிரௌன், ஐலீன் வானி விங்ஃபீல்ட் இருவரும் 2003-இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருதைப் பெற்றார்கள்.

மூன்று வெற்றிகள், மூன்று நடைமுறைப் பிழைகள்

தென் ஆஸ்திரேலிய மாநில அரசும் கிடங்கை எதிர்த்தது. கிடங்குக்குக் குறித்த நிலத்தைப் பூங்காவாக அறிவித்துத் தடுக்க மாநிலம் முனைந்தபோது, கூட்டாட்சி அரசு 2003 ஜூலையில் அவசரப் பிரிவைப் பயன்படுத்தி அந்நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தியது. 2004 ஜூனில் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு அமர்வு, அவசரப் பிரிவு தவறாகப் பயன்படுத்தப்பட்டது என்று அதை ரத்து செய்தது. ஜூலை 14-இல் பிரதமர் ஹோவர்டின் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

அடுத்து வட மண்டலம். டென்னன்ட் கிரீக் நகருக்கு வடக்கே மக்காட்டி என்ற தொல்குடி நிலத்தை வடக்கு நில மன்றம் 2007-இல் பரிந்துரைத்தது. ஒரு குலப்பிரிவு 1.2 கோடி டாலர் பெறும் உடன்பாட்டின் பேரில் சம்மதித்திருந்தது. நிலத்தில் தமக்கும் உரிமையுண்டு, தம்மைக் கேட்கவில்லை என்று டயான் ஸ்டோக்ஸ் உள்ளிட்ட பிற குலத்தார் எதிர்த்தார்கள். 2014 ஜூனில் வழக்கு விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே பரிந்துரை திரும்பப் பெறப்பட்டது.

மூன்றாவது கிம்பா. 2021-இல் அமைச்சர் கீத் பிட் நபண்டியை அறிவித்தார். 2023 ஜூலை 18-இல் நீதிபதி நாட்டலி சார்ல்ஸ்வொர்த், அமைச்சர் முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டவராகத் தோன்ற இடமிருந்தது என்ற அடிப்படையில் அறிவிப்பை ரத்து செய்தார். ஆகஸ்டில் புதிய அரசு திட்டத்தைக் கைவிட்டது.

மூன்றையும் அருகருகே வைத்தால் ஒன்று புலனாகும். முதலாவது அவசரப் பிரிவின் தவறான பயன்பாடு. இரண்டாவது, யாரைக் கேட்டார்கள் என்ற பிரச்சினை தீர்ப்புக்கு வருமுன்பே முடிந்த வழக்கு. மூன்றாவது ஒருதலைச் சார்பின் தோற்றம். 'இம்மக்கள் வேண்டாம் என்றார்கள், எனவே கூடாது' என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. தம்மை வாக்கெடுப்பிலிருந்து விலக்கியது பாகுபாடு என்று பார்ங்கர்லா மக்கள் தொடுத்த வழக்கோ தோற்றது. நடைமுறைப் பிழையால் விழுந்த முடிவை நடைமுறையைச் சரிசெய்து வேறிடத்தில் மீண்டும் எழுப்பலாம். வூமராவில் விழுந்தது மக்காட்டியில் எழுந்தது. மக்காட்டியில் விழுந்தது கிம்பாவில் எழுந்தது.

எதிர்வாதங்கள்

இப்போராட்டங்களுக்கு எதிராக இரண்டு வாதங்கள் முன்வைக்கப்படுகின்றன. இரண்டும் புறந்தள்ளத்தக்கவை அல்ல.

முதலாவது: குண்டின் கதிர்வீச்சும் ஆய்வுக்கூடக் கையுறைகளும் ஒன்றா? ஒன்றல்ல. தாழ்நிலைக் கழிவின் ஆபத்து மிகக் குறைவு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே கிடங்கில், சிட்னியின் லூகாஸ் ஹைட்ஸ் ஆய்வு உலையிலிருந்து வரும் இடைநிலைக் கழிவையும் 'தற்காலிகமாக' வைப்பதே கிம்பாத் திட்டமாக இருந்தது. அக்கழிவு பல்லாயிரம் ஆண்டு காவல் கேட்பது; அதன் இறுதி இருப்பிடம் எது என்று திட்டத்தில் சொல்லப்படவில்லை. பொருளின் ஆபத்தை இயற்பியல் அளக்கலாம். சொல்லுபவரின் நம்பகத்தை வரலாறுதான் அளக்கும்.

இரண்டாவது: எங்காவது வைத்துத்தானே ஆக வேண்டும், என் வாசலில் வேண்டாம் என்பது தன்னலமல்லவா? இரட்டி வன்ட்டி 'அடுத்த வாசலில் போடு' என்று சொல்லவில்லை. உண்டாக்கிய இடத்திலேயே, கவனிக்கும் நிபுணர்களின் கண்முன்னே இருக்கட்டும் என்பதே இவ்வியக்கங்களின் பொதுவான நிலைப்பாடு. 2016-இல் வெளிநாட்டு உயர்நிலைக் கழிவு 1,38,000 டன்னை இறக்குமதி செய்து காசாக்கலாம் என்று ஒரு மாநில ஆணையம் பரிந்துரைத்தது. அதை ஆராயச் சீட்டுக் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்ட சுமார் 350 பேர் கொண்ட குடிமக்கள் நடுவர் மன்றத்தில் மூன்றில் இரு பங்கினர் எந்நிலையிலும் வேண்டாம் என்றார்கள். தொல்குடிகளின் சம்மதம் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. தன்னலம் என்று தள்ளப்பட்ட வாதம், நிலத்தோடு நேரடித் தொடர்பில்லாத நகரவாசிகளையும் ஏற்கச் செய்திருக்கிறது.

மூன்றாவதாக, நாமே எழுப்ப வேண்டிய ஒரு கேள்வியும் உண்டு. 'சமூகம்' ஒரு குரலில் பேசுகிறதா? மக்காட்டியில் ஒரு பிரிவு சம்மதித்தது. கிம்பாவின் வேளாண் குடும்பங்களில் பலர் கிடங்கை ஊருக்கு வாழ்வாதாரம் என்று கண்டார்கள். இந்தப் பிளவை மறைத்து எழுதும் ஆய்வு போராளிகளுக்கும் நன்மை செய்யாது. பிளவு இருப்பதால்தான், யாருடைய மறுப்புக்கு என்ன எடை என்பதைச் சட்டம் முன்கூட்டியே வரையறுக்க வேண்டும். பணமும் பதவியும் கைக்கு வந்த பிறகு வரையறுக்கலாம் என்று விடக் கூடாது.

முடிவுரை

2017-இல் ஐ.நா. நிறைவேற்றிய அணு ஆயுதத் தடை உடன்படிக்கையின் முகவுரை, அணு ஆயுதச் செயற்பாடுகள் தொல்குடிகளை அளவுக்கு மீறித் தாக்கியதை ஒப்புக்கொள்கிறது. அந்தப் பேச்சுவார்த்தைகளில் யாமி லெஸ்டரின் மகள் கரீனா லெஸ்டரும் கோக்கத்தா இன மூதாட்டி சூ கோல்மன்-ஹேசல்டைனும் குரல் கொடுத்தார்கள். வாலட்டினாவின் கரும்புகை உலகச் சட்டத்தின் முகவுரைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் 2012-ஆம் ஆண்டுக் கதிரியக்கக் கழிவுச் சட்டத்துக்குள் அது இன்னும் போகவில்லை. அச்சட்டப்படி நிலவுடைமையாளர் ஒருவர் தம் நிலத்தைப் பரிந்துரைக்கலாம். அந்த வட்டாரத்தின் மரபுவழி மக்கள் ஒருமனதாக மறுத்தாலும் அது அமைச்சரைக் கட்டுப்படுத்தாது. 83-க்குச் சுழியம் என்ற வாக்கு கிம்பாவில் ஒரு தகவலாக மட்டும் நின்றது இதனால்தான். கலந்தாலோசனை என்ற சொல்லைச் சம்மதம் என்ற சொல்லாக மாற்றி எழுதாத வரை நீதிமன்ற வெற்றிகள் இடத்தை மாற்றுமே தவிர விதியை மாற்றா.

2023 மார்ச்சில் ஆஸ்திரேலியா அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களை வாங்கும் திட்டத்தை அறிவித்தது. அவற்றின் செலவழிந்த எரிபொருள் உள்ளிட்ட கழிவு முழுவதையும் தன் மண்ணிலேயே வைத்துக் காப்பதாகவும் ஒத்துக்கொண்டிருக்கிறது. அந்த எரிபொருள் உயர்நிலைக் கழிவு. அதை வைக்கப்போகும் நிலம் எது என்று அப்போது அறிவிக்கப்படவில்லை.