பிள்ளைகள் கையில் எதைக் கொடுக்கப் போகிறோம்?

டி. கல்லுப்பட்டி பக்கம் மாலை வகுப்பு நடத்தும் தம்பிகள் சிலர் ஒரு யோசனையோடு வந்தார்கள். மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு நாள் முழுக்கக் கையால் செய்து பார்க்கிற வரலாறு. புத்தகமும் பரீட்சையும் கிடையாது. களிமண் பிசைந்து பானை செய்வார்கள், திரிகையில் கம்பு அரைப்பார்கள், ராட்டையில் நூல் நூற்பார்கள், சாயங்காலம் ஒரு நாடகம் போடுவார்கள். யாருக்கு என்ன வேடம் என்று ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தார்கள். ராஜா, புலவர், வணிகர், குயவர், உழவர், பறையடிப்பவர். கடைசி வேடத்துக்கு எதிரே மட்டும் ஒரு பையன் பெயர் முன்கூட்டியே இருந்தது. ஏன் என்று கேட்டேன். "அவனுக்கு நல்லா அடிக்க வரும்ணே, அவங்க அப்பா அடிப்பாருல்ல" என்றார் ஒரு தம்பி.

அந்தத் தம்பி நம் பிள்ளைதான், தப்பான எண்ணமும் இல்லை. ஆனால் 'அப்பா செய்வார், அதனால் மகனுக்கு வரும்' என்ற பேச்சுக்கு நம் மாநிலத்தில் ஒரு பழைய கதை இருக்கிறது. கையால் செய்து படிப்பது என்ற யோசனைக்கோ டி. கல்லுப்பட்டியிலேயே ஒரு கதை இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளாமல் இந்த நாளை நடத்தக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமம் 1940-இல் வெங்கடாசலபதி தொடங்கியது. கிராமப் பொருளாதாரம் பற்றி எழுதிய ஜே.சி. குமரப்பா தன் கடைசி ஆண்டுகளில் இந்த ஊரில்தான் இருந்தார். 1960 ஜனவரி 30 அன்று காலமானார். இந்த ஆசிரமங்களுக்குப் பின்னால் இருந்த கல்விக் கொள்கை ஆதாரக் கல்வி. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி கூட்டிய மாநாட்டில் பேசி, ஜாகிர் உசேன் தலைமையிலான குழு பாடத்திட்டமாக ஆக்கியது. ஏழு ஆண்டுக் கட்டாயக் கல்வி, தாய்மொழியில். எல்லாப் பாடமும் ஒரு கைத்தொழிலைச் சுற்றியே நடக்கும். ஐந்தரை மணி நேரப் பள்ளியில் மூன்று மணி இருபது நிமிடம் அந்தத் தொழிலுக்கே. நூற்கும்போது நூலை எண்ணிக் கணக்கு படிப்பது, பருத்தி எங்கே விளையும் என்று கேட்டுப் பூகோளம் படிப்பது, துணி வந்த கதையைக் கேட்டு வரலாறு படிப்பது.

இதில் ஒரு நல்ல விஷயம் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. பிராமண வீட்டுப் பையனும் சேரிப் பையனும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே ராட்டையைச் சுற்ற வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் கணக்கு. வேலையைக் கேவலமாக நினைத்தவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய பாடம்தான். நம் பிள்ளைக்கு? விடியற்காலையில் ஆடு பத்திவிட்டு, களைக்கொத்தைப் பிடித்துவிட்டு வருகிற பிள்ளைக்குக் கைவேலையின் பெருமையைச் சொல்லித்தர ஒரு பள்ளிக்கூடம் எதற்கு? அதனிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தது எழுத்தை. மூன்று மணி இருபது நிமிடம் போக மிச்ச நேரத்தில்தான் எழுத்து வரும் என்றால் யாருக்கு நட்டம்? வசதியுள்ளவர்கள் தங்கள் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டார்கள். பிறகு 1964-66 கோத்தாரிக் கமிஷன் இதை 'வேலை அனுபவம்' என்று சுருக்கிவிட்டது.

அடுத்து வந்ததுதான் மோசம். சென்னை மாகாண முதல்வராக இருந்த ராஜாஜி 1953-இல் கிராமத்து ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி ஒரு பிரிவுக்கு மூன்று மணி நேரம்தான் வகுப்பு. மீதி நேரம் வீட்டில் அப்பாவோடு சேர்ந்து அவர் தொழிலைக் கற்க வேண்டும். பெண் பிள்ளைகள் அம்மாவோடு வீட்டு வேலை. ஆதாரக் கல்வியில் எல்லோருக்கும் ஒரே ராட்டை, இங்கே அவரவர் அப்பன் தொழில். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் 'கையால் கற்பது'தான். ஆனால் வக்கீல் மகன் அப்பாவிடம் வக்கீல் தொழில் கற்கலாம், செத்த மாடு தூக்குகிறவர் மகன் எதைக் கற்பான்? பெரியாரும் திராவிடர் கழகமும் குலக்கல்வித் திட்டம் என்று சரியான பெயர் வைத்து எதிர்த்தார்கள். தி.மு.க.வும் போராடியது, காங்கிரசுக்குள்ளேயும் எதிர்ப்பு இருந்தது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார். மே மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

அந்தத் தாளில் தம்பி எழுதியது இதேதான், ஒரு நாள் அளவுக்கு. பறை நம் கலை என்று மேடையில் கம்பீரமாக அடிக்கிறோம், சரி. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று ஊர்க் கட்டுப்பாட்டை எதிர்த்து நின்று பறையைக் கீழே வைத்ததும் நம் வரலாறுதான். இரண்டையும் சொல்லாமல் ஒரு ஒன்பது வயதுப் பையன் கழுத்தில் பறையை மாட்டிவிட்டால் அவனுக்குப் போய்ச் சேர்வது ஒரே செய்தி: உன் அப்பன் வேலை உன் வேலை.

வேடம் போடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2019-இல் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்துத் தனியார் பள்ளி ஒன்றில், ஐந்தாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்துக்காகக் கறுப்பினப் பிள்ளைகளை அடிமைகளாக நிறுத்தி, வெள்ளைப் பிள்ளைகள் ஏலம் எடுப்பது போல நடிக்க வைத்தார்கள். மாநில அட்டர்னி ஜெனரல் விசாரணை வரை போனது. நம்மவர்களுக்கும் இந்த ஆசை வரும். 'தீண்டாமை எப்படி இருந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம், ஒருவன் கையேந்தித் தண்ணீர் வாங்கட்டும்' என்பார்கள். வேண்டாம். அவமானத்தை நடித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலையில் நம் பிள்ளைகள் இல்லை.

நடிக்க வைப்பதானால் மறுக்கப்பட்டதைச் செய்தவர்களை நடிக்கட்டும். 1927 மார்ச் 20 அன்று மகத் ஊரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார், கூட வந்தவர்களும் குடித்தார்கள். நகராட்சி குளத்தை எல்லோருக்கும் பொது என்று 1924-லேயே தீர்மானம் போட்டும், அதுவரை யாரையும் இறங்க விடவில்லை. இப்போதும் அந்த நாளில் மக்கள் அங்கே கூடுகிறார்கள். வாழும் வரலாறு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். நமக்குப் பக்கத்தில் என்றால் 1939 ஜூலை 8, மதுரை மீனாட்சியம்மன் கோயில். வைத்தியநாத அய்யர் கூட்டிப் போனார் என்றுதான் பாடத்தில் வரும். கூடப் போன கக்கன் உள்ளிட்டவர்கள் வாசற்படியில் வைத்த காலைப் பற்றிப் பிள்ளைகள் பேசட்டும். பயமாக இருந்திருக்குமா என்று கேளுங்கள், அவர்களே சொல்வார்கள்.

எழுமலை பக்கம் உத்தப்புரம் சுவரையும் சிலர் சொன்னார்கள். 2008 மே 6 அன்று ஒரு பகுதி இடிக்கப்பட்டுப் பாதை திறந்த இடம். பெரிய பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம், அங்கே வாழ்கிறவர்களிடம் முதலில் கேட்டுவிட்டு. சின்னப் பிள்ளைகளுக்கு இப்போது வேண்டாம் என்பது என் கருத்து.

சரி, பானைக்கு வருவோம். தம்பிகள் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கல்லுப்பட்டியில் 1976-77-இல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு செய்து, கருப்பு-சிவப்புப் பானை ஓடுகளை எடுத்தது. நம் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பானையைக் கவிழ்த்து, வாய்ப்பகுதி காற்றுப் படாமல் இலைதழைக்குள் புதைந்திருக்கும்படி சுட்டால், உள்ளும் விளிம்பும் கருப்பாகும், காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவப்பாகும். ஒரு சூளையில் இரண்டு நிறம். இதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தால் மறக்கவே மாட்டார்கள்.

அதோடு நிறுத்த வேண்டாம். கீழடியில் 2018-இல் நடந்த நான்காம் கட்ட அகழாய்வில் தமிழ் பிராமி எழுத்துள்ள 56 ஓடுகள் கிடைத்தன. ஆதன், குவிரன் என்று ஆட்களின் பெயர்கள். கையெழுத்து ஒன்றுபோல் இல்லை, அதனால் பலர் அவரவரே கீறியிருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். (கீழடியில் சாதியே இல்லை என்று மேடையில் முழங்குவது சுலபம். பானை ஓடு அதைச் சொல்லாது, நாமும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம்.) ஆனால் கையும் எழுத்தும் ஒரே ஓட்டில் இருக்கிறது. வேலை ஒருவருக்கு, எழுத்து இன்னொருவருக்கு என்று பிரித்த கதைக்கு எதிராக எட்டு வயதுப் பிள்ளைக்குக் காட்ட இதைவிட என்ன வேண்டும்?

கை என்றதும் இன்னொன்று. இதே பிள்ளைகள் மேல்வகுப்புக்குப் போகும்போது கையில் கலர் கயிறு ஏறுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து நம் பிள்ளையை வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் சாதிக் கயிற்றுக்குத் தடை கேட்டது. நாம் வரலாறு சொல்லித்தராவிட்டால் வேறு யாரோ சொல்லித்தருகிறார்கள், கயிறு கட்டி. அதனால்தான் இந்த நாளை நம் தெருவுக்குள் மட்டும் நடத்தாமல் எல்லாத் தெருப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள் என்றேன். வருவார்களா என்று தம்பிகள் சந்தேகப்பட்டார்கள். நாலு பேர் வந்தாலும் போதும், ஒரே மண்ணைப் பிசையட்டும்.

வேடத் தாளைக் கிழித்துவிட்டோம். யாருக்கு எது வேண்டுமோ பிள்ளைகளே எடுத்துக்கொள்வார்கள், மத்தியானத்துக்கு மேல் மாற்றியும் கொள்ளலாம். அந்தப் பையனிடம் பானை ஓட்டில் பெயர் எழுதும் விஷயத்தைச் சொன்னோம். ஆணியால் எழுதினால் ஓடு உடையாதா என்று கேட்டான். தெரியவில்லை, முதலில் நாலு பழைய ஓட்டில் கீறிப் பார்க்க வேண்டும்.