ஒரு பட்டியலும் ஒரு பயிற்சி மருத்துவரும்

பாரி மார்ஷல் என்றதும் பலருக்கு நினைவு வருவது, 1984இல் அவர் கிருமிக் கரைசலைத் தானே குடித்த கதைதான். எனக்கு அதைவிடப் பிடித்தது அதற்கு மூன்று வருடம் முந்தைய கதை. அதில் சாகசம் ஒன்றும் கிடையாது.

1981. ஆஸ்திரேலியாவின் ராயல் பெர்த் மருத்துவமனையில் மார்ஷல் பொது மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். பயிற்சியில் ஓர் ஆய்வும் செய்தாக வேண்டும். குடலியல் பிரிவின் தலைவர், நோய்க்கூறியல் நிபுணர் ராபின் வாரனைப் போய்ப் பார்க்கச் சொன்னார். வாரன் 1979இலிருந்தே இரைப்பைத் திசுக்களில் வளைந்த பாக்டீரியாக்களைப் பார்த்துவந்தார். அவ்வளவு அமிலத்தில் கிருமி எப்படிப் பிழைக்கும் என்று மற்றவர்கள் கண்டுகொள்ளவில்லை. அவரிடம் ஒரு பட்டியல் இருந்தது: கிருமி தென்பட்ட நோயாளிகள். இவர்களுக்கெல்லாம் என்னதான் நோய்? விடை தேட, நோயாளியை நேரில் பார்க்கும் ஒரு மருத்துவர் தேவைப்பட்டார்.

மார்ஷல் நூலகத்தில் பழைய கட்டுரைகளைத் தேடினார். 1982இல் இருவரும் 100 நோயாளிகளை வைத்து முறையாக ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். முதல் முப்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகளில் கிருமி வளரவே இல்லை. இரண்டு நாளில் எதுவும் தெரியாவிட்டால் வளர்ப்புத் தட்டைத் தூக்கிப்போடுவது ஆய்வக வழக்கம். ஈஸ்டர் விடுமுறையில் ஒரு தட்டு கூடுதல் நாட்கள் அப்படியே கிடந்தது. அதில் வளர்ந்துவிட்டது! மென்பொருள் எழுதுகிற எனக்கு இது நன்றாகப் புரிகிறது. யாரோ, எதற்காகவோ வைத்த காலக்கெடு. பிறகு யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை.

ஆய்வின் முடிவில், சிறுகுடல் புண் இருந்த 13 பேரிடமும் அந்தக் கிருமி இருந்தது. 1983இல் ஆஸ்திரேலியக் குடலியல் சங்கம் மார்ஷலின் ஆய்வுச் சுருக்கத்தை நிராகரித்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நம்மூரிலும் எம்.டி., எம்.எஸ். மாணவர்களுக்கு ஆய்வேடு கட்டாயம். 'ஏதாவது ஒரு தலைப்பு கிடைச்சா போதும்' என்று மருத்துவ நண்பர்கள் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். சோம்பல் என்று அதைத் தள்ளிவிட முடியாது. இரவுப் பணி முடித்து வருகிறவரிடம் ஆராய்ச்சி செய் என்றால் எங்கிருந்து தொடங்குவார்? மார்ஷலும் கேள்வியைத் தானாக உருவாக்கவில்லை; ஒரு மூத்தவர் இரண்டு வருடமாகச் சுமந்த கேள்வியில் பங்கு கிடைத்தது. திசுவைப் படிக்கத் தெரிந்தவர் பக்கத்திலேயே இருந்தார். பயிற்சி மருத்துவர்களுக்குப் புள்ளியியல் வகுப்பு அவசியம்தான். அதற்கும் முன்னால், விடை தெரியாத ஒரு பட்டியலை அவர்கள் கையில் கொடுத்து, கூடவே உட்கார ஒரு வாரன் வேண்டும்.