ரெண்டாவது பாட்டில நிண்ட ஜெனறேற்றர்

கிளிநொச்சியில எங்கட குழுவின்ர முதல் நிகழ்ச்சி மொத்தமே ஒண்டேகால் பாட்டு. முதலாவது ஒரு மாதிரி முடிஞ்சுது. ரெண்டாவதில பாடுறவன் வாயைத் திறந்து கொஞ்ச நேரத்தில ஜெனறேற்றர் நிண்டுட்டுது. மைக் இல்லை, வெளிச்சம் இல்லை. இருட்டுக்குள்ள ட்றம்ஸ் மட்டும் தனியா அடிபட்டுக்கொண்டிருந்துது. முன்னுக்கு இருந்த ஒரு அம்மம்மா கேட்டா: "தம்பியவை, முடிஞ்சுதோ? அப்ப நான் எழும்பட்டோ?"

சாமான்களை லாண்ட்மாஸ்டர் பெட்டியில ஏத்திக்கொண்டு திரும்பி வரேக்க ஒருத்தரும் கதைக்கேல்லை. கடைசியில ட்றம்ஸ் அடிக்கிறவன்தான் கேட்டான்: "எங்களுக்கு முதல் இஞ்ச ஆரும் இப்பிடி ஒரு குழு வைச்சிருந்தவையோ? அவையும் இப்பிடித்தான் அவமானப்பட்டவையோ?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய் எழுதினதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆறுதலான செய்தி. உலகத்தில் பெரிய குழு என்று நாங்கள் சொல்லும் எல்லாமே படுமோசமாகத்தான் தொடங்கியிருக்கின்றன. 1956இல் லிவர்பூலில் ஜோன் லெனன் பள்ளிக்கூடப் பெடியளைச் சேர்த்து 'குவாறிமென்' என்ற குழுவைத் தொடங்கினார். அப்போது இங்கிலாந்தில் 'ஸ்கிஃபிள்' என்ற இசைக்குப் பெரிய மோகம். அதற்குக் காசு தேவையில்லை. உடுப்புத் தோய்க்கிற பலகையை விரலால் சுரண்டினால் தாளம். தேயிலை வந்த மரப்பெட்டியைக் கவிழ்த்து, ஒரு தடியும் கயிறும் கட்டினால் பேஸ். இலங்கையில் இருந்தும் அப்படியான பெட்டிகள் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. எங்கட மலையகத்துப் பெட்டி ஒன்றும் எங்கோ ஒரு பெடியனுக்கு வாத்தியமாகியிருக்கலாம் என்று நினைக்க எனக்குச் சந்தோசமாக இருக்கிறது.

அந்தக் குழுதான் பிறகு பீட்டில்ஸ் ஆனது. 1960இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்துக்கு வேலைக்குப் போனார்கள். ஒரு படமாளிகையின் பின்பக்க அறையில் படுக்கை. இரவிரவாக வாசிப்பு. கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் வெறியில். ஜோர்ஜ் ஹரிசனுக்குப் 17 வயதுதான் என்று தெரிந்ததும் பொலிஸ் அவரைத் திருப்பி அனுப்பியது. தங்கியிருந்த இடத்தில் நெருப்பு வைத்ததாகச் சொல்லி இன்னும் இரண்டு பேரையும் அனுப்பியது. 1962 ஜனவரி 1ஆம் திகதி டெக்கா நிறுவனத்தில் பாடிக் காட்டினார்கள். அங்கேயும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆனால் ஹம்பேர்க்கில் அவர்களுக்கு ஒன்று கிடைத்தது. மாதக்கணக்கில், மணித்தியாலக் கணக்கில், பிழைவிட்டு வாசிக்க ஓர் இடம். இதை ஞாபகத்தில் வைச்சிருங்கோ, திரும்ப வருவன்.

இனி எங்கட தீவுக்கு வருவம். 1966இல் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அனெஸ்லி மாலேவனவும் சேர்ந்து 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவை நடத்தினார்கள். சிங்களப் பாட்டுக்கு மின்சாரக் கிற்றாரைக் கொண்டுவந்தவர் என்று கிளாரன்ஸைச் சொல்வார்கள். அவர்களுக்கு இலங்கை வானொலி கைகொடுத்தது.

தமிழில் அதே காலப்பகுதியில் வந்தவர் நித்தி கனகரத்தினம். உரும்பிராய்க்காரர். அம்பாறை ஹார்டி நிறுவனத்தில் படித்த காலத்தில், கூடப் படித்தவர்களுக்குக் கிற்றாரோடு பாடத் தொடங்கியவர். அப்போது எங்கட மேடைகளில் பாட்டு என்றால் பெரும்பாலும் இந்தியப் படப்பாட்டுத்தான். நித்தி அந்த மேடையில் எங்கட வீட்டுத் தமிழில் பாடினார். 'சின்ன மாமியே' கேட்டவர்களுக்கு அது தங்கட ஒழுங்கையில் நடக்கிற கதை. இதெல்லாம் ஒரு பாட்டோ என்று முகம் சுளித்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் இன்றைக்கு அவரைத் தமிழ்ப் பொப்பிசையின் தந்தை என்கிறோம். அவருக்குக் கிடைத்த ஹம்பேர்க் அந்த மாணவர் கூட்டம்தான்.

பிறகு ஏ.ஈ. மனோகரன். 'சுராங்கனி' அவர் பாடித்தான் கடல் கடந்தது. சிங்களமும் தமிழும் கலந்த அந்தப் பாட்டு 1977இல் இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்திலும் வந்தது. தமிழ்நாட்டில் பலருக்கு அது இலங்கையில் இருந்து வந்த பாட்டென்றே இன்றுவரை தெரியாது. இங்கே பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று கொண்டாடப்பட்ட மனோகரன், அங்கே படங்களில் வில்லன் வேடங்களும் போட்டார். 2018 ஜனவரி 22ஆம் திகதி சென்னையில் காலமானார்.

சரி, உரும்பிராய், அம்பாறை, கொழும்பு, சென்னை. வன்னி எங்கே?

வன்னியில் பாட்டுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்து இருக்கு. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பறை இருக்கு. கோயில் திருவிழாக்களுக்கு வாற கோஷ்டிகளும் இருந்தன. இல்லாமல் போனது மின்சாரம். மின்சாரம் இல்லாத இடத்தில் றொக் குழு என்பது தண்ணி இல்லாத குளத்தில் நீச்சல் பழகிறது மாதிரி.

1990 யூனில் சண்டை திரும்பவும் தொடங்கினதோடு வடக்குக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடக்கம். பாட்டுக் கேட்க ஆசைப்பட்ட சனம் சைக்கிளைக் கவிட்டு நிறுத்தி, ஒராள் பெடலைக் கையால் சுத்த, டைனமோவில் வாற கரண்டில் றேடியோவையும் கசற்றையும் போட்டது. என்ர மாமா சொல்லுவார்: "சுத்துறவன் களைச்சா பாட்டும் களைக்கும்." பாடகரின்ர குரல் இழுபட்டு, ஆம்பிளைக் குரல் பேய்க்குரல் ஆகுமாம். கேக்கிறதுக்கே இந்தப் பாடு என்றால் வாசிக்கிறது எப்பிடி?

அப்படியும் வாசித்தார்கள். மண்ணெண்ணெயில் ஜெனறேற்றரை ஓடவிட்டு மேடை ஏறினார்கள். கிளிநொச்சியில் வாழ்ந்த எஸ்.ஜி. சாந்தன் அரிச்சந்திரனாக நாடக மேடையிலும், பாடகராக இசை மேடையிலும் நின்றவர். பக்திப் பாட்டும் பாடினார், எழுச்சிப் பாட்டும் பாடினார். 2017 பெப்ரவரி 26ஆம் திகதி அவர் இறந்தபோது அழாத வீடு எங்கட பக்கம் குறைவு. அவரின் பெயர் எல்லாருக்கும் தெரியும். அவருக்குப் பின்னால் நின்று கீபோட் வாசித்தவர், தபேலா அடித்தவர், வயர் இழுத்தவர் பெயர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொன்றும் இருக்கு. அந்தக் காலத்துப் பாட்டுக்கு ஒரு வேலை இருந்தது. உயிர் போகிற இடத்தில் பாட்டுக்கு அந்தப் பாரம் வாறது இயல்பு. நான் அதைக் குறையாகச் சொல்லேல்லை. ஆனால் சும்மா, ஒரு காரணமும் இல்லாமல், சின்ன மாமியைப் பற்றியோ மழைக்கு ஒழுகிற கூரையைப் பற்றியோ ஒரு மோசமான பாட்டை எழுதிப் பிழையாக வாசிக்கிற வாய்ப்பு அந்தத் தலைமுறைப் பெடியளுக்குக் கிடைக்கவே இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கோ. 1996இல் சண்டை கிளிநொச்சி நகரத்துக்கே வந்து சனம் இடம்பெயர்ந்தது. 2002இல் ஏ9 திறந்தது. பற்றரி வந்தது, கிற்றார் வந்தது, சீடி வந்தது. 2006 ஓகஸ்ட்டில் பாதை திரும்பவும் பூட்டுப்பட்டது. நாலு வருசம்தான். பிறகு 2009. முள்ளிவாய்க்கால் வரைக்கும் நடந்த சனம் பிள்ளைகளையே தூக்கிக்கொண்டு போக முடியாமல் தவித்தது, ஆர்மோனியத்தை ஆர் தூக்கிறது? வாத்தியங்கள் பங்கருக்குள்ளும் வீதிக்கரையிலும் போயின. வாசித்தவர்களும் போனார்கள். தேசிய மின்சாரம் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது போருக்குப் பிறகுதான்.

அதால, ட்றம்ஸ்காரன்ர கேள்விக்கு என்ர பதில் இதுதான்: எங்களுக்கு முதலும் ஆக்கள் இருந்தவை. ஆனால் பிழைவிட்டுப் பழக அவைக்குப் போதிய காலம் சேர்ந்தாப்போலக் கிடைக்கேல்லை. அவமானப்படுறதுக்குக்கூட ஒரு அமைதி வேணும். ஜெனறேற்றர் நிண்டதுக்காக வெக்கப்படக் கிடைச்ச முதல் ஆக்களில நாங்களும் இருக்கிறம். அது சின்ன விசயம் இல்லை.

இதை எழுதேக்க ஒரு பயமும் வந்தது. இருக்கிற கொஞ்ச ஞாபகமும் வயது போன ஆக்களோட போய்க்கொண்டிருக்கு. உங்கட ஊரில கோஷ்டியில வாசிச்ச ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருந்தா, இந்தக் கிழமை ஒருக்காப் போய்க் கதையுங்கோ. என்ன வாத்தியம், ஆரிட்டப் பழகினவர், எந்தக் கோயிலடி மேடை எண்டு கேட்டு எழுதி வையுங்கோ. பழைய படம் இருந்தா, பின்பக்கத்தில நிக்கிற ஆக்களின்ர பெயரையும் கேளுங்கோ.

எங்கட அடுத்த நிகழ்ச்சி ஒரு வாசிகசாலை முற்றத்தில. பாட்டு மூண்டு. ஜெனறேற்றர் இல்லை, பக்கத்து வீட்டில இருந்து வயர் இழுக்கிறம். அந்த வீட்டு அன்ரிக்கு ஒரு நிபந்தனை: எட்டரைக்கு நாடகம் தொடங்க முதல் முடிச்சிட வேணும்.