‘ஹார்மோனிஸ்ட்’ என்பவர் யார்?



ஆங்கிலத்தில் ‘ஹார்மோனிஸ்ட்’ என்றொரு சொல் உண்டு. கேட்டதும் நமக்கு ஆர்மோனியம் வாசிப்பவர்தான் நினைவுக்கு வருவார். அவரல்லர். பல குரல்களை ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டு, அவை மோதாமல் இசையவைக்கத் தெரிந்தவரே ஹார்மோனிஸ்ட். இதன் வேரான ‘ஹார்மோனியா’ என்னும் கிரேக்கச் சொல், கப்பலின் பலகைகளைப் பொருத்தும் இணைப்பையும் குறித்தது. தச்சர் மகனை ஆண்டவர் என்றழைக்கும் நமக்கு இது பிடித்த செய்திதானே!

நான்கு நற்செய்திகளையும் ஒரே வரலாறாகத் தொகுப்பவருக்கும் அதே பெயர்தான். இவர்களுள் புகழ்பெற்றவர் தாசியான். அசீரிய நாட்டவர், உரோமையில் புனித யுஸ்தீனிடம் பயின்றவர். கி.பி. 170-ஐ ஒட்டி அவர் தொகுத்த நூலின் பெயர் ‘தியாத்தெஸ்ஸரோன்’, அதாவது ‘நான்கின் வழியாக’. கிரேக்க இசையில் ஒரு சுர இடைவெளிக்கும் இதே பெயர்! சிரியத் திருச்சபைகளில் நெடுங்காலம் இந்நூலே வாசிக்கப்பட்டது. புனித எபிரேம் இதற்கு விளக்கவுரையே எழுதினார்.

ஆனால் ஒன்றாக்கும்போது எதையாவது வெட்ட வேண்டுமே. தாசியான் வெட்டியது ஆண்டவருடைய தலைமுறை அட்டவணைகளை. தாவீதின் வழிமரபில் பிறந்தவர் என்னும் பகுதிகளை. 5-ஆம் நூற்றாண்டில் சீருஸ் நகர ஆயர் தெயோதொரேத்து, தம் ஆலயங்களில் இருந்த 200-க்கும் மேற்பட்ட பிரதிகளை அகற்றி, நான்கு நற்செய்திகளையும் அவ்விடத்தில் வைத்தார். மக்கள் முணுமுணுத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். பழகிய புத்தகம் அல்லவா? அவர் செய்தது சரி என்பதே என் எண்ணம். இன்றும் ஞாயிறு திருப்பலியில் ஓராண்டு மத்தேயு, மறு ஆண்டு மாற்கு, அடுத்து லூக்கா என்று ஒவ்வொருவரையும் அவரவர் குரலிலேயே கேட்கிறோம்.

வெட்ட மறுத்தவரும் உண்டு. 1537-இல் லூத்தரன் சபையைச் சேர்ந்த ஓசியாந்தர் ஒரு வரியையும் விடாமல் தொகுத்தார். விளைவு? அவர் கணக்கில் ஆண்டவருக்கு முள்முடி இருமுறை சூட்டப்பட்டது!

அமெரிக்காவில் ஒரு சமூகத்துக்கே ‘ஹார்மோனிஸ்டுகள்’ என்று பெயர். ஜெர்மனியிலிருந்து சென்ற ஜார்ஜ் ராப் 1805-இல் பென்சில்வேனியாவில் நிறுவியது. உடைமை எல்லாம் பொது; 1807 முதல் மணத்துறவு. பெயர் என்னவோ இணக்கம். ஆனால் 1832-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்து போனார்கள். எஞ்சியோர் முதுமையடைந்தனர், ஆலைகளும் நிலங்களும் மிஞ்சின, ஆள்கள் மிஞ்சவில்லை. 1905-இல் சங்கம் கலைக்கப்பட்டது.