அந்தமானில் அழைப்பு கைமாறிய வரலாறு

தொலைபேசியின் மணி ஒலிக்கிறது. இருக்கையில் ஆள் இல்லை. அந்த அழைப்பின் கதி என்ன? இக்காலத்து அலுவலகங்களில் இதற்கு விடை எளிது. புறப்படுமுன் சில எண்களை அழுத்திவிட்டால் போதும். தமக்கு வரும் அழைப்பு அடுத்த அறைக்கோ, வீட்டிற்கோ, சட்டைப் பையிலுள்ள கைப்பேசிக்கோ தானே சென்றுவிடும். இதனை அழைப்பு மாற்றம் என்கிறோம். ஆயின் இவ்வசதிக்கு அடிப்படையான கேள்வி தொலைபேசியினும் பழமையானது. ஒருவர் இல்லாத இடத்தில் அவர் பொருட்டுச் செவி கொடுப்பவர் யார், பொறுப்பேற்றுப் பதில் கூறுபவர் யார் என்பதே அக்கேள்வி. சென்னைக்குக் கிழக்கே ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர் கடலைக் கடந்து நிற்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் வரலாற்றை நோக்கினால், இக்கேள்வி அங்கே எத்தனை முறை உயிர்ப் பிரச்சினையாக எழுந்தது என்பது விளங்கும். பிறந்த ஊரில் ஒலிக்கும் குரலை வேற்று மாநிலத்தில் இருந்துகொண்டு கேட்கும் நமக்கும் இது அயலான செய்தியன்று.

1872-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் மாலை, ஹாரியட் குன்றின் அடிவாரத்திலுள்ள ஹோப் டவுன் படகுத் துறையில், இந்திய வைசிராய் மேயோ பிரபு ஷேர் அலி என்ற கைதியின் கத்திக்கு இரையானார். நாட்டின் தலைமை ஆட்சியாளர் மாண்டார். தலைநகராகிய கல்கத்தாவோ அதனை அறியவில்லை. சென்னையிலிருந்து பினாங்குக்கு வங்கக் கடலின் அடியே தந்திக் கம்பி ஓடத் தொடங்கி அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. ஆயினும் அக்கம்பி போர்ட் பிளேரில் கரையேறவில்லை. கப்பல் ஒன்று கடலைக் கடந்து சென்று சேர்ந்த பின்னரே வைசிராய் மாண்ட செய்தி பெருநிலத்தை எட்டியது.

செய்தி எட்டியதும் நிகழ்ந்தது கவனிக்கத்தக்கது. ஆட்சி தடுமாறவில்லை. தலைவரின் இருக்கை வெறிதானால் அவரைத் தேடி வரும் ஓலைகள் யாரிடம் செல்லவேண்டும் என்பது முன்பே வகுக்கப்பட்டிருந்தது. ஆலோசனை சபையைச் சேர்ந்த சர் ஜான் ஸ்ட்ரேச்சி முதலில் பொறுப்பேற்றார். அவருக்குப் பின், பிப்ரவரி மாத இறுதியில், சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு தற்காலிக வைசிராயாக அமர்ந்தார். மே மாதத் தொடக்கத்தில் நார்த்புரூக் பிரபு வந்து சேரும் வரையில் அவரே நாட்டை நடத்தினார். இவ்வொரு நிகழ்ச்சியிலேயே நம் பொருளின் இரு கூறுகளும் அடங்கியுள்ளன. செய்தி செல்வதற்கு வழி வேண்டும். வழியின் முடிவில் பொறுப்பேற்க ஆள் வேண்டும். தீவில் அன்று முன்னது இல்லை. ஆட்சியில் பின்னது இருந்தது.

வழி பிறந்தது 1905-ஆம் ஆண்டளவில். கம்பியில்லாத் தந்தி உலகிற்கு வந்து பத்தாண்டு ஆகுமுன்னரே, இந்தியத் தந்தி இலாகா அதனைப் போர்ட் பிளேரில் அமைத்தது. மறுமுனை, பர்மாவில் ஐராவதி ஆற்று முகத்துவாரப் பகுதியிலுள்ள டயமண்ட் தீவு. இந்நாட்டில் கம்பியில்லாத் தந்தி நாள்தோறும் பணியாற்றிய தொடக்க காலத் தடங்களில் இதுவும் ஒன்று. போர்ட் பிளேரிலிருந்து எழும் செய்தி வானலையில் டயமண்ட் தீவை அடையும். அங்குள்ள தந்தியாளர் அதனைப் பெற்றுக்கொள்வார்; பிறகு தந்திக் கம்பியில் மீண்டும் தட்டிப் பெருநிலத்துக்கு அனுப்புவார். எந்திரம் எதனையும் தானே மாற்றிவிடவில்லை, மனிதரே மாற்றினார். பெற்றுக்கொண்டேன் என்ற குறிப்பு மறுமுனையிலிருந்து வரும் வரையில் செய்தியை அனுப்பியவரின் கடமை தீர்ந்ததில்லை. இம்முறையை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதனிடம் திரும்பி வர நேரிடும். 1942-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜப்பானியர் தீவுகளைக் கைப்பற்றினர். அன்று முதல் 1945-ஆம் ஆண்டு அக்டோபர் வரையில் பெருநிலத்திலுள்ள குடும்பங்களுக்கும் தீவிலிருந்தோருக்கும் இடையே தொடர்பு அற்றுப் போயிற்று.

இதனிடையே பெருநிலத்தில் தொலைபேசி வளர்ந்தது. 1882-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களின் தொலைபேசி நிலையங்களும் திறந்துவைக்கப்பட்டன. கல்கத்தா நிலையத்தில் அப்போது இருந்த சந்தாதாரர் 93 பேரே. ஒவ்வோர் அழைப்பையும் இணைப்பாளர் ஒருவர் கையால் பூட்டி இணைத்தார். அழைக்கப்பட்டவர் அங்கே இல்லையென்றால், அவர் போயிருக்கும் இடம் அறிந்த இணைப்பாளர் அங்கே இணைத்துத் தருவதும் உண்டு. ஆகவே அழைப்பு மாற்றம் எந்திரத்தின் கண்டுபிடிப்பு அன்று. இணைப்பாளரின் அறிவும் நன்னடத்தையுமே அதன் முதல் வடிவம்.

அந்த நன்னடத்தையின்மீது ஐயம் பிறந்ததும் ஒரு நன்மைக்கே ஆயிற்று. அமெரிக்காவில் கன்சாஸ் நகரத்தில் ஈமக்கிரியைத் தொழில் நடத்திவந்த ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்பவர், தமக்கு வரவேண்டிய அழைப்புகள் போட்டியாளரிடம் மாற்றிவிடப்படுகின்றன என்று கருதினார் என்றும், அந்த மனக்குறையே அவரைத் தூண்டிற்று என்றும் கூறுவர். இணைப்பாளர் இன்றித் தானே இணைக்கும் பொறிக்கு 1891-ஆம் ஆண்டு அவர் உரிமம் பெற்றார். மறு ஆண்டு இந்தியானா மாநிலத்து லா போர்ட் நகரில் அப்பொறி பணிசெய்யத் தொடங்கிற்று. நம் நாட்டில் முதல் தானியங்கி நிலையம் சிம்லாவில் 1913-14-இல் அமைந்தது. தானியங்கிப் பொறியால் தவறான மாற்றம் நீங்கிற்று. அதனோடு நல்ல மாற்றமும் நீங்கிவிட்டது! பொறிக்கு எண் தெரியும். அந்த எண்ணுக்குரியவர் எங்கே போயிருக்கிறார் என்பது தெரியாது. ஆளில்லா அறையில் மணி வீணே ஒலித்து ஓயும் நிலை இவ்வாறு ஏற்பட்டது.

இக்குறை தீர அரை நூற்றாண்டு ஆயிற்று. 1965-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து சக்கசன்னா என்ற சிற்றூரில், நினைவாற்றல் கொண்ட மின்னணுத் தொலைபேசி நிலையம் செயற்பட்டது. சந்தாதாரர் இட்ட கட்டளையை நிலையமே நினைவில் வைத்துக்கொண்டு அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பும் வசதி அத்தகைய நிலையங்களால் கைகூடிற்று. இந்தியாவில் 1984-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சி-டாட் நிறுவனம் உள்நாட்டிலேயே மின்னணு நிலையங்களை வடிவமைத்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இத்தகைய நிலையங்கள் நாடெங்கும் பரவின. அலுவலகங்களின் உள் நிலையங்களும் நினைவாற்றல் பெற்றன.

தீவுகளில் இவ்வசதிக்கு ஒரு தனித் தடை இருந்தது. பெருநிலத்தோடு அவற்றைப் பல்லாண்டுகள் இணைத்தது செயற்கைக் கோள். பூமிக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அது நிற்கிறது. குரல் அங்கே ஏறி இறங்குவதற்கு ஏறத்தாழக் கால் விநாடி ஆகும்; கேட்ட கேள்விக்கு விடை வந்து சேர அரை விநாடி. இனி, போர்ட் பிளேர் அலுவலகத்து அதிகாரி ஒருவர் விடுமுறையில் சென்னைக்கு வந்து, தமது அழைப்பைச் சென்னை வீட்டிற்கு மாற்றிவைத்திருப்பதாகக் கொள்வோம். சென்னையிலிருந்து ஒருவர் அவரை அலுவலக எண்ணில் அழைக்கிறார். குரல் வானேறித் தீவில் இறங்குகிறது. அங்கிருந்து மறுபடியும் வானேறிச் சென்னையில் இறங்குகிறது. அடுத்த தெருவில் இருப்பவரோடு பேசுவதற்குக் குரல் நான்கு முறை விண்ணளக்க வேண்டியதாயிற்று! கேள்விக்கும் விடைக்கும் இடையே ஒரு விநாடி கடந்தது. ஒருவர் பேச்சின்மேல் மற்றவர் பேச்சு விழுந்தது. அன்றியும், அரிதாக இருந்த செயற்கைக் கோள் தடங்களில் இரண்டினை ஒரே உரையாடல் பிடித்துக்கொண்டது. அழைப்பை மாற்றுவது எளிது; அது எவ்வழியே மாறுகிறது என்பதையும் எண்ண வேண்டும் என்ற பாடம் இதில் உண்டு.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலை ஆறரை மணியளவில் சுமத்ராவுக்கு அருகே நிலம் நடுங்கிற்று. பின்னர் ஆழிப் பேரலை எழுந்தது. கார் நிக்கோபார், கச்சால், கிரேட் நிக்கோபார் முதலிய தீவுகள் பேரழிவுக்கு உள்ளாயின. கச்சால் தீவு தமிழர் நெஞ்சில் தனி இடம் பெற்றது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பயனாக இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழ்க் குடும்பங்கள் சில, எழுபதுகளில் அத்தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டிருந்தன. பெருநிலத்திலிருந்த உறவினர் எண்களைச் சுழற்றிச் சுழற்றி அழைத்தனர். மறுமுனையில் அழைப்பை ஏற்கவும் பொறியில்லை, மாற்றிவிடவும் பொறியில்லை. கம்பமும் நிலையமும் நீரில் போனபின் நினைவாற்றல் கொண்ட நிலையத்தால் ஆவது என்ன?

அப்போது துணைக்கு வந்தது பழைய முறையே. தன்னார்வ வானொலியாளர் குழு ஒன்று அந்த மாதத் தொடக்கத்திலேயே தங்கள் கருவிகளோடு போர்ட் பிளேருக்கு வந்திருந்தது. அக்குழுவின் தலைவி பாரதி பிரசாத் என்ற அம்மையார், வி.யு.4 ஆர்.பி.ஐ. என்பது அவரது நிலையத்தின் அழைப்புக் குறி. பொழுதுபோக்காக உலக வானொலியாளரோடு உரையாட வந்தவர்கள், அன்று காலை முதல் தீவுகளின் குரலாக மாறினர். கார் நிக்கோபாருக்கும் அக்குழுவினர் கருவியோடு சென்றனர். இன்னார் நலம், இன்னாரைக் காணவில்லை, இன்ன மருந்து வேண்டும் என்று ஒருவர் சொல்ல, மற்றொருவர் கேட்டு எழுதி, பெருநிலத்து வானொலியாளர்களுக்கு உரைத்தார். அவர்கள் அதனை உரிய குடும்பங்களுக்குத் தொலைபேசியில் அறிவித்தனர். டயமண்ட் தீவின் தந்தியாளர் நூறாண்டுக்கு முன் செய்த அதே பணி! ஒவ்வொரு கண்ணியிலும் பொறுப்பேற்ற மனிதர் ஒருவர் இருந்தமையால் சங்கிலி அறவில்லை.

பின்னர் வழியும் செம்மையுற்றது. சென்னைக்கும் தீவுகளுக்கும் இடையே கடலடி ஒளியிழை வடம் அமைக்க 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 30-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-இல் வடம் தொடங்கிவைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அது போர்ட் பிளேரையும், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் முதலிய தீவுகளையும் சென்னையோடு பிணைக்கிறது. பினாங்குக் கம்பி போர்ட் பிளேரைத் தொடாது சென்ற குறை ஒன்றரை நூற்றாண்டு கழித்து நீங்கிற்று. ஒளியிழையில் குரல் செல்வதற்கு விநாடியில் நூறில் ஓரிரு பங்கே போதும். 2024-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று வழங்கும் அந்நகரத்தின் அலுவலகம் ஒன்று, இன்று தன் அழைப்பைச் சென்னைக்கு மாற்றினாலும் பேசுபவருக்கு வேறுபாடு தெரியாது.

வழி இவ்வளவு எளிதானபின் எஞ்சியிருப்பது ஆளைப் பற்றிய கேள்வியே. அலுவலகத் தொலைபேசியில் அழைப்பு மாற்றம் மூவகைப்படும். எல்லா அழைப்பையும் உடனே மாற்றுவது ஒன்று. வேறு அழைப்பில் இருக்கும்போது மட்டும் மாற்றுவது மற்றொன்று. சில முறை மணி ஒலித்தும் எடுக்காதபோது மாற்றுவது மூன்றாவது. ஊரை விட்டுச் செல்பவருக்கு முதலாவது பொருந்தும். அறையில் இருப்பும் வெளியே செல்வதுமாக உள்ளவருக்கு மூன்றாவதே நலம். மாற்றியபின் வேறொரு தொலைபேசியிலிருந்து அழைத்துச் சோதித்தல் வேண்டும். நம் அழைப்பை ஏற்கப் போகிறவரிடம் முன்கூட்டியே சொல்லி இசைவு பெறுதல் வேண்டும். அவர் தம் அழைப்பை நமக்கே மாற்றி வைத்திருந்தால் அழைப்பு இருவரிடையே அலைந்து எவரையும் அடையாது போகும். திரும்பி வந்ததும் கட்டளையை நீக்க மறத்தலாகாது.

தீயோர் கையிலும் இவ்வசதி கருவியாயிற்று. தொலைபேசி நிறுவனத்தார் போலப் பேசி, *401# என்ற குறியோடு தாம் சொல்லும் எண்ணை அழுத்தச் செய்து, பிறருக்கு வரும் அழைப்புகளைத் தம்மிடம் திருப்பிக்கொண்டு, வங்கி கூறும் இரகசிய எண்களைக் கேட்டுப் பணம் கவர்ந்தனர். ஆகவே அவ்வகை மாற்றத்தை 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி மத்தியத் தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது. ஸ்ட்ரௌஜரை வருத்தியதாகக் கூறப்படும் அதே தீங்கு புது வேடம் பூண்டு வந்தது எனலாம். அறியாதவர் சொல்லும் குறியை அழுத்தாதிருப்பதே காப்பு.

அழைப்பை மாற்றும்போது நாம் மாற்றுவது ஒலியை மட்டுமன்று; நமக்குரிய கடமையையும் கூட. பொறி ஒலியைக் கொண்டுசேர்க்கும். கடமையைக் கொண்டுசேர்க்க அதனால் இயலாது. ஊரிலுள்ள முதியோர் நம்மை அழைக்கும் எண் ஒன்று நம் ஒவ்வொருவரிடமும் உண்டு. நாம் எடுக்க இயலாத வேளையில் அது யாரிடம் செல்கிறது, அவர் அதற்கு இசைந்தவரா என்பதை இன்றே தெளிந்துகொள்வோமாக. பெற்றுக்கொண்டேன் என்ற குரல் மறுமுனையில் எழும் வரையில் நம் கடமை தீரவில்லை என்பதே தீவுகளின் வரலாறு நமக்குக் கூறும் நெறி.