செண்பகாதேவிக்குப் போகும் பாதை

ஆலங்குளத்துக்காரர்களுக்கு மலை என்பது மேற்கே தெரியும் ஒரு நீலக்கோடு. ஆனி பிறந்தால் அந்தக் கோட்டின் மேல் மேகம் ஏறும். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று புகுந்து வந்து ஊரையே ஆட்டும். காற்றாலைகள் நிற்காமல் சுற்றும். மழை மட்டும் வராது. தென்காசியை நனைக்கிற சாரல் பாவூர்சத்திரம் தாண்டுவதற்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். "காத்து நமக்கு, தண்ணி தென்காசிக்காரனுக்கு" என்பார் பெரியப்பா.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு போட்டோ. என்னோடு கல்லூரியில் படித்தவன், இப்போது அங்கே வேலை. லண்டனுக்கு வடமேற்கே சில்டர்ன் குன்றுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நடந்திருக்கிறான். சுண்ணாம்பு கொட்டியது மாதிரி வெள்ளைப் பாதை. இரண்டு பக்கமும் பீச் மரங்கள், இலை வழியாகப் பச்சை வெளிச்சம். அந்த வெள்ளை மண், கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்பு கடலில் மிதந்த நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து படிந்து உண்டானது. எனக்கு அதைவிட ஆச்சரியம் அடுத்த போட்டோவில் இருந்தது. விளைந்து நிற்கிற ஒரு வயல், நடுவே வகிடெடுத்த மாதிரி ஒற்றையடிப் பாதை, ஓரத்தில் 'பொதுப் பாதை' என்று ஒரு மரப்பலகை. கூடவே வாய்ஸ் நோட்: "ஏலே, இது யாரோ ஒருத்தன் வயலு. நடுவுல நடந்து போறேன், ஒருத்தனும் ஒண்ணும் கேக்கல."

நமக்கும் 30 கிலோமீட்டரில் மலை இருக்கிறது. குற்றாலத்துக்குப் போகாத ஆள் ஆலங்குளத்தில் கிடையாது. ஆனால் குற்றால மலையில் நடந்தவர்கள்? என் வயதுக்காரர்களில் விரல் விட்டு எண்ணலாம். பேரருவிக்கு மேலே, சுமார் 2 கிலோமீட்டரில் செண்பகாதேவி அருவியும் அம்மன் கோயிலும் இருக்கின்றன. இன்னும் மேலே தேனருவி. அந்தப் பாதை வனத்துறைக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. சித்ரா பௌர்ணமி மாதிரி விசேஷ நாட்களில் பக்தர்களை மேலே விடுவார்கள். அப்படி ஒரு சித்ரா பௌர்ணமிக்குப் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். சரியாகச் சொன்னால், அவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

*

பாதை தொடங்கும் இடத்திலேயே வரலாறு நெரிசலாக இருக்கிறது. கீழே குற்றாலநாதர் கோயில், சம்பந்தர் பாடிய தலம். நடராசரின் ஐந்து சபைகளில் சித்திர சபை இங்கேதான். 18-ஆம் நூற்றாண்டில் பக்கத்து மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியை எழுதினார். பள்ளிக்கூடத்தில் அதை மனப்பாடச் செய்யுளாகத்தான் படித்தோம். இந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது வேறு மாதிரிப் புரிகிறது. அதில் வரும் குறத்தி மலையை வேடிக்கை பார்ப்பவள் இல்லை, மலைக்குள்ளிருந்து இறங்கி வருபவள். குரங்கும் மூங்கிலும் அருவியும் அவளுக்குக் காட்சி இல்லை, வீட்டு விலாசம்.

அவளுக்குப் பிறகு இந்த அடிவாரத்துக்கு வந்தவர்கள் வேறு. 1798-இல் கலெக்டர் ஜாக்சனைச் சந்திக்க வந்த கட்டபொம்மனைக் குற்றாலத்தில் பார்க்க மறுத்து அலைய விட்டார்கள். சொக்கம்பட்டி, சிவகிரி என்று கலெக்டரின் கூடாரத்துக்குப் பின்னாலேயே போய், செப்டம்பர் 10-ஆம் தேதி ராமநாதபுரத்தில்தான் பேட்டி கிடைத்தது. குளிர்ச்சிக்காக வெள்ளைக்காரர்கள் தங்கிய ஊர் இது. தன் சீமையிலேயே ஒரு பாளையக்காரர் அனுமதிக்காகக் காத்து நின்ற ஊரும் இதுதான்.

கம்பெனி இங்கே ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்கள் போட்டது. 1830-களின் நடுவில் பாளையங்கோட்டையில் ராணுவ மருத்துவராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வைட் குற்றாலத்துக்கு வந்து செடி சேகரித்தார், குற்றாலத்துத் தாவரங்களைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். பின்னால் அவர் வெளியிட்ட பெரிய தாவரவியல் தொகுதிகளுக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். அவர்கள் வரைந்த மூல ஓவியங்கள் இன்று எடின்பரோ தாவரவியல் பூங்காவில் பத்திரமாக இருக்கின்றன. காட்டுக்குள் வழி காட்டியவர்கள், மரமேறிப் பூ பறித்துக் கொடுத்தவர்கள் பெயர் எந்த அட்டையிலும் இல்லை. ஆனால் ஒன்று நிச்சயம்: அவர்களுக்குப் பாதை தெரிந்திருந்தது.

*

செக்போஸ்ட்டில் பையைப் பிரித்துப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நியாயம்தான். பெரியப்பா மட்டும் முணுமுணுத்தார்: "நாங்க வரும்போது இதெல்லாம் கெடையாதுடே. விடியக்காலம் பஸ் ஏறுவோம், புளிச்சோறு கட்டிக்கிட்டு. தேனருவி வரைக்கும் போயிட்டு, பொழுது சாயயில எறங்கிருவோம். கேக்க ஆளில்ல."

கேட்க ஆள் எப்போது வந்தது? சட்டப்படி பார்த்தால் 1882-இல், சென்னை வனச் சட்டத்தில். ஒரு காட்டை ரிசர்வ் காடாக்குவதற்கு முன் அரசு அறிவிப்பு போடும். அங்கே மேய்க்கிற உரிமை, விறகெடுக்கிற உரிமை, நடந்து போகிற உரிமை யாருக்காவது இருந்தால் கெடுவுக்குள் வந்து சொல்ல வேண்டும். சொல்லாத உரிமை செத்துப்போகும். கெஜட் படிக்காதவர், மனு எழுதத் தெரியாதவர், 'நான் இந்த வழியாக நடக்கிறேன்' என்பதையெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கனவிலும் நினைக்காதவர் என்ன செய்வார்? மேற்குத்தொடர்ச்சி மலையின் பளியர்களுக்கும் அடிவாரத்துக் குடியானவர்களுக்கும் நடப்பது உரிமையாகத் தெரியவில்லை, அது வெறும் நடப்பு. கால்நடையாகப் போனது காகிதத்தில் இல்லாமல் போயிற்று. காட்டுவாசிகளின் உரிமையை ஏற்று ஒரு சட்டம் வர 2006 ஆகிவிட்டது.

இதே காரியம் இங்கிலாந்திலும் நடந்ததுதான். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ஊர்ப் பொதுநிலங்களுக்குச் சட்டம் போட்டு வேலி கட்டினார்கள். மேட்டு நிலமெல்லாம் பிரபுக்களின் வேட்டைக்காடு ஆயிற்று. அங்கே கதை அதோடு முடியவில்லை. 1932 ஏப்ரல் 24-ஆம் தேதி மான்செஸ்டர் பக்கத்து இளம் தொழிலாளிகள் சில நூறு பேர், கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டில் வேண்டுமென்றே அத்துமீறி ஏறினார்கள். வாரம் முழுக்க ஆலைப் புகையில் கிடந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் காற்று கேட்டார்கள். காவலாட்களோடு தள்ளுமுள்ளு ஆயிற்று. ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கும் கிராமப்புற நடைவழிகளுக்கும் சட்டம் வந்தது. எங்கெங்கே பொதுப் பாதை உண்டு என்று வரைபடத்தில் குறித்தாக வேண்டும் என்றது. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்படிப் பதிவான வழிகள் ஏறக்குறைய 2,25,000 கிலோமீட்டர். என் நண்பன் பார்த்த மரப்பலகைக்குப் பின்னால் ஐந்து பேரின் சிறைவாசமும் இருக்கிறது.

*

செண்பகாதேவியில் கூட்டம். சித்திரை வெயிலில் அருவி ஒரு நூலாகத்தான் விழுந்தது. பொங்கல் அடுப்புப் புகை, குலவைச் சத்தம், பாறை மேல் காயப்போட்ட சேலைகள். பெரியப்பா ஒரு மர நிழலில் உட்கார்ந்து, மேலே தேனருவிப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். "அங்க தேன்கூடு கருப்பா தொங்கும்டே, பாறை முழுக்க" என்றார். அவர் தலைமுறைக்கு அது ஞாபகம். எனக்குச் செய்தி. என் பிள்ளைகளுக்கு அது இரண்டுமாக இருக்காது.

அதற்காகப் பாதையை நாளைக்கே திறந்துவிடு என்று எழுத என்னால் முடியாது. திறந்து வைத்த அருவியை நாம் வைத்திருக்கும் லட்சணம் தெரியும். எண்ணெயும் சோப்பும் ஷாம்பூவும் வேண்டாம் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்ல வேண்டி வந்த ஊர் இது. மலை ஆபத்தானதும்கூட. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்தார்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு பள்ளி வயதுப் பையனைக் கொண்டுபோயிற்று. யானைகளுக்கும் கரடிகளுக்கும் கேட்க ஆளில்லாத காடு தேவை. சில்டர்ன் குன்றில் எதிரே வருவது ஒரு நாய். இங்கே அப்படி இல்லை.

ஆனால் பூட்டு, திறப்பு என்ற இரண்டுக்கு நடுவே ஒன்று இருக்கிறது. இதே மலைத்தொடரில் அகத்தியர்கூடத்துக்குக் கேரள வனத்துறை வருடத்தில் சில வாரங்கள், ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று எண்ணி, வழிகாட்டியோடு அனுப்புகிறது. தமிழ்நாட்டிலும் 2024 அக்டோபரில் அரசே 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்து, உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்திருக்கிறது. ரங்கையா காலத்தில் பெயரில்லாமல் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது பெயரோடும் சம்பளத்தோடும் முன்னே நடக்கலாம். அது சின்ன விஷயம் இல்லை. அந்தக் கட்டணம் ஒரு பீடிச் சுற்றும் குடும்பத்துக் கையில் இருக்குமா என்பதும் சின்னக் கேள்வி இல்லை. மான்செஸ்டர்க்காரர்கள் கேட்டது காசு கொடுத்து வாங்குகிற ஞாயிற்றுக்கிழமையை அல்ல.

நாம் இதுவரை எதையாவது கேட்டிருக்கிறோமா என்பதுதான் என்னை உறுத்துகிறது. சீசனுக்கு அருவியில் குளிக்கத் தடை போட்டால் அன்றைக்கே நியூஸ் ஆகிறது. பாதை மூடிக்கிடந்ததை யாரும் தடை என்றே சொன்னதில்லை. சுமார் 200 அடி உயரம் விழுகிற தண்ணீர் நமக்குப் போதுமானதாகிவிட்டது. அது எங்கிருந்து வருகிறது என்று நடந்து பார்க்கிற ஆசையே விட்டுப்போயிற்று. அந்தத் தண்ணீர்தான் சிற்றாறாகி, தென்காசி தாண்டி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. வாய்க்கால் சண்டைக்கு வருகிற நாம், ஊற்றைப் பார்த்தது கிடையாது.

இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. பெரியப்பாவுக்கு முழங்கால் வலி. ஆனாலும் என் கையைப் பிடிக்கவில்லை; எந்தக் கல்லில் கால் வைக்க வேண்டும் என்று அவர் காலுக்கு இன்னும் தெரிந்திருந்தது. கீழே பேரருவியில் இருக்கிற கொஞ்சத் தண்ணீருக்கும் வரிசை நின்றது.

"குளிக்கலையா பெரியப்பா?"

"வேண்டாம்டே. இன்னைக்கி நடந்தாச்சுல்லா."