காணாமல் போன எழுத்து

ஒரு சின்னப் போட்டி. பேப்பர், பேனா எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குடும்பத்தைப் பற்றி ஐந்து வரி எழுத வேண்டும். ஒரே நிபந்தனை... ப, ம, வ வரிசை எழுத்துகள் எங்கேயும் தலைகாட்டக்கூடாது!

அம்மா அவுட். அப்பா அவுட். மனைவி, மகன், மகள், தம்பி, பாட்டி... எல்லாரும் அவுட். தாத்தா, அக்கா, தங்கை தப்பிக்கலாம். (மாமியாருக்கும் இடமில்லை என்பதில் சிலருக்கு ரகசிய சந்தோஷம் இருக்கலாம்!)

நம் புலவர்கள் இதற்கு 'நிரோட்டகம்' என்று பேர் வைத்திருந்தார்கள். பாடும்போது உதடும் உதடும் ஒட்டவே கூடாது; குவியவும் கூடாது. 17-ம் நூற்றாண்டில் சிவப்பிரகாசர் திருச்செந்தூர் முருகன் மேல் இப்படி ஓர் அந்தாதியே பாடினார். முருகனைப் பற்றிய பாட்டு, ஆனால் 'முருகன்' என்று சொல்ல வழியில்லை. கந்தன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்!

மேல்நாட்டிலும் இந்தப் பைத்தியம் உண்டு. இங்கிலீஷில் அதிகம் புழங்கும் எழுத்து, ஏ.பி.சி.டி-யில் ஐந்தாவதாக வரும் 'ஈ'. 1939-ல் எர்னஸ்ட் வின்சென்ட் ரைட் என்ற அமெரிக்கர் அந்த ஈ இல்லாமலே ஐம்பதாயிரம் வார்த்தைகளில் 'கேட்ஸ்பி' என்று ஒரு நாவல் எழுதினார். பழக்க தோஷத்தில் விரல் போய்விடக் கூடாதே என்று டைப்ரைட்டரில் அந்தக் கட்டையைக் கட்டியே போட்டுவிட்டார். முடித்தாரே தவிர, கதை சுமார்தான். அதே வருடம் ஆளும் போய்ச் சேர்ந்தார்.

முப்பது வருடம் கழித்து, 1969-ல், பாரிஸில் ஒருவர் அதையே செய்தார். பேர் ஜார்ஜ் பெரெக். வயிற்றுப்பாட்டுக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆவணங்களை அடுக்கி வைக்கும் வேலை. குறுக்கெழுத்துப் புதிர் போடுவதில் மகா கில்லாடி. பிரெஞ்சில் ஈ இன்னும் மோசம். ஏழு எழுத்து எழுதினால் அதில் ஒன்று ஈயாக இருக்கும். அதை ஒதுக்கிவிட்டு சுமார் முந்நூறு பக்கத்துக்கு நாவல்! பேர், 'லா டிஸ்பாரிசியோன்'. 'காணாமல் போதல்' என்று அர்த்தம்.

கதாநாயகன் ஆன்டன் வொயில். உயிரெழுத்து என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லில் ஈயை உருவிவிட்டால் கிட்டத்தட்ட இந்தப் பேர்தான் மிஞ்சும். ஆள் திடீரென்று காணாமல் போகிறார். நண்பர்கள் தேடுகிறார்கள். எது தொலைந்தது என்ற ரகசியத்தை நெருங்க நெருங்க, ஒவ்வொருவராகச் சாகிறார்கள். நாலாம் அத்தியாயத்துக்கு அடுத்தது ஆறாம் அத்தியாயம். ஐந்து? அதையும் காணோம். இத்தனை செய்தும், புத்தகத்தில் ஈ இல்லை என்பதைக் கவனிக்காமலே ஒரு விமர்சகர் மதிப்புரை எழுதி முடித்துவிட்டார் என்பது பிரசித்தமான கதை.

கெட்டிக்காரத்தனம் என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால், பெரெக்கின் பிள்ளைப் பிராயத்தைத் தெரிந்துகொண்டால் அப்படி நகர முடியாது.

போலந்திலிருந்து பாரிஸுக்குப் பிழைக்க வந்த யூதக் குடும்பம். பெரெக் பிறந்தது 1936-ல். அப்பா பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, 1940 ஜூனில் போர்முனையில் இறந்தார். பாரிஸ் ஹிட்லர் கைக்குப் போனது. அம்மா சிர்லா, முடி அலங்காரம் செய்து பிழைத்தவர். மகனாவது தப்பட்டும் என்று செஞ்சிலுவைச் சங்கத்தார் மூலம் ரயிலேற்றி அனுப்பினார். ஸ்டேஷனில் அம்மா ஒரு சார்லி சாப்ளின் சித்திரப் புத்தகம் வாங்கிக் கொடுத்ததாகப் பெரெக்குக்கு ஞாபகம். அதன்பிறகு அவன் அவளைப் பார்க்கவில்லை. 1943 பிப்ரவரி 11 அன்று அவரை ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றினார்கள்.

எப்போது, எப்படி இறந்தார்? பதிவு இல்லை. சமாதி இல்லை. அத்தை வீட்டில் வளர்ந்த பையனுக்கு 1947-ல் அரசாங்கம் கொடுத்தது ஒரு காகிதம். மரணச் சான்றிதழ் அல்ல, 'காணாமல் போனதற்கான' சான்றிதழ். அதிலிருந்த சொல்... டிஸ்பாரிசியோன். இருபத்திரண்டு வருடம் கழித்து நாவலின் அட்டையில் ஏறிய அதே சொல்!

இப்போது அந்த நிபந்தனையைத் திரும்பப் பாருங்கள். பிரெஞ்சில் தாய் என்ற சொல்லை ஈ இல்லாமல் எழுத முடியாது. தந்தை என்ற சொல்லையும் முடியாது. குடும்பம் என்ற சொல்லையும் முடியாது. ஜார்ஜ் பெரெக் என்ற பேரிலேயே நாலு ஈ! இன்னொன்றும் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் அந்த எழுத்தின் பேரைச் சொல்லும்போது, 'அவர்கள்' என்ற சொல்லைப் போலவே ஒலிக்கும். ஈ இல்லாமல் என்றாலும், அவர்கள் இல்லாமல் என்றாலும், காதுக்கு ஒன்றுதான்.

இதையெல்லாம் பிற்பாடுதான் ஆய்வாளர்கள் கூட்டிப் பார்த்தார்கள். தற்செயல் என்று வாதிடலாம். நான் நம்பவில்லை. சொற்களைக் கட்டம் கட்டமாக எண்ணிப் பழகிய மனுஷருக்கு இவ்வளவு தற்செயலா?

நாவலை மொழிபெயர்த்தவர்கள் பாடு தனி. கில்பர்ட் அடேர் இங்கிலீஷிலும் ஈ இல்லாமலே முடித்தார். ஸ்பானிஷில் 'ஏ'-யைத் தொலைத்தார்கள்.

பெரெக் 1972-ல் ஒரு குறும்பு செய்தார். உயிரெழுத்தில் ஈயை மட்டுமே வைத்து ஒரு கதை! 1975-ல் தன் சிறுவயதைப் பற்றிய 'டபிள்யூ' என்ற புத்தகத்தை எழுதினார். அதில் அம்மா வருகிறார், ரயில் நிலையமும் வருகிறது. புத்தகத்தை அவர் சமர்ப்பணம் செய்திருப்பது ஒரே ஓர் எழுத்துக்கு. ஈ.